யாருடைய நேரத்தில் படிக்கிறோம்?

வேலைக்குப் போய்க்கொண்டே அடுத்த படிப்புக்குத் தயாராகும் இளைஞர்கள் நம்மிடையே நிறைய பேர் இருக்கிறோம். பகலில் தொழிற்சாலை, இரவில் புத்தகம். இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே ‘நேரத்தை எப்படி ஒதுக்குவது?’ என்றுதான் கேட்கிறோம். அதற்கு ஆலோசனை சொல்லவும் ஆள் நிறைய இருக்கு. நான் கேட்க நினைப்பது வேறு கேள்வி. ஒதுக்குகிறோமே, அந்த நேரம் யாருடையது?

நான் பொறியியல் இறுதியாண்டு மாணவி. வீடு பட்டர்வொர்த்தில். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தொழிற்பயிற்சி செய்தேன். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கொடுத்தார்கள். செமஸ்டர் நடக்கும்போது சனிக்கிழமை மட்டும், விடுமுறை மாதங்களில் முழு நேரம். இதற்கு நடுவில் ஜிமேட் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். வணிகக் கல்லூரிகளில் மேற்படிப்பு படிக்க உலகம் முழுவதும் கேட்கப்படும் தேர்வு அது. எழுதி வாங்கும் ஸ்கோர் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதனால்தான் என்னைப் போன்றவர்கள் பட்டப்படிப்பு முடியும் முன்பே எழுதிவிடப் பார்க்கிறோம். இப்போது எழுதி வைத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு வேலை அனுபவம் வந்த பிறகு எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கலாம்.

தேர்வு 2 மணி 15 நிமிடம். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். கணக்கில் 21 கேள்வி, மொழியில் 23, தரவு சார்ந்த பகுதியில் 20. மொத்தம் 64. கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. நாம் சரியாகப் பதில் சொல்லச் சொல்ல, வரும் கேள்விகள் கடினமாகிக்கொண்டே போகும். ஸ்கோர் 205-இலிருந்து 805 வரை. ஒரு கேள்விக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான். அந்த வேகம் வர வேண்டுமென்றால் வாரக்கணக்கில் பழக வேண்டும்.

காகிதக் கணக்கு

முதலில் நான் போட்ட கணக்கு இதுதான். வாரத்திற்கு 168 மணி நேரம். 2023 ஜனவரி முதல் நம் நாட்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி வார வேலை நேரம் 48-இலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. 168-இல் அந்த 45 போனால் 123. தினம் ஏழு மணி நேரத் தூக்கம், அது 49. மிச்சம் 74. கம்பெனி பஸ்ஸில் பாலத்தைக் கடந்து போய்வர வாரத்திற்கு ஏழரை மணி. சாப்பாடு, குளியல், துணி என்று தினம் மூன்று மணி, வாரத்திற்கு 21. எல்லாம் கழித்தால் 45½ மணி நேரம் மிச்சம். வேலை செய்யும் நேரத்துக்குச் சமமாக இன்னொரு பங்கு! வாரம் எட்டு மணி நேரம் படித்தால் 12 வாரத்தில் 96 மணி நேரம். ரொம்பச் சுலபம் என்றுதான் தோன்றியது.

செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த 45½ மணி நேரம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். மாலை வீட்டுக்கு வந்து உட்காரும்போது மூளை ஓடாது. ஓடுகிற நேரம் காலையும் பகலும். பகல் முழுக்கத் தொழிற்சாலையில். அப்போதுதான் ஒரு எண்ணம் வரும். மெஷின் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த லாட் மாற்ற நாற்பது நிமிடம் இருக்கு. மேசையில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம்? பத்துக் கேள்வி போட்டால் என்ன?

எங்கள் பகுதியில் பயிற்சிக்கு வந்த இன்னொருவர் அப்படித்தான் படித்தார். என்னையும் படிக்கச் சொன்னார். “வேலையை முடிச்சிட்டோம்ல? மிச்ச நேரம் நம்ம நேரம்தானே?” என்றார். உடனே எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே மேசையில் சிலர் ஷாப்பி பார்க்கிறார்கள், சிலர் பந்து விளையாட்டு முடிவு பார்க்கிறார்கள். கணக்குப் போடுவது அதைவிட மோசமா?

இன்னொரு பக்கம், என் அப்பா மாதிரி ஆட்கள். “சம்பளம் வாங்குற ஒவ்வொரு நிமிஷமும் முதலாளியோடது. அதுல சொந்த வேலை பார்த்தா அது திருட்டு.” அப்பாவுக்கு இதில் நடுவழியே கிடையாது. ஆனால் இதுவும் முழு உண்மையாக எனக்குப் படவில்லை. நாற்பது நிமிடம் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நேர்மை, அதே நாற்பது நிமிடம் படித்தால் திருட்டு என்றால், நேர்மை என்பது வெறும் சும்மா இருத்தல் ஆகிவிடாதா?

போதுமா, போதாதா?

ஜிமேட் தேர்வில் ஒரு வகைக் கேள்வி உண்டு. பொறியியல் படிப்பவர்களுக்கு முதலில் அது எரிச்சலாக இருக்கும். விடை என்ன என்று அது கேட்காது. இரண்டு தகவல்களைக் கொடுத்து, விடையைக் கண்டுபிடிக்க இவை போதுமா என்று மட்டும் கேட்கும்.

உதாரணத்துக்கு, ஓர் எண் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் தகவல், அதன் வர்க்கம் 9. இரண்டாவது தகவல், அது பூஜ்ஜியத்தைவிடப் பெரியது. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டால் அது 3 ஆகவும் இருக்கலாம், கழித்தல் 3 ஆகவும் இருக்கலாம். போதாது. இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டால் எந்த எண்ணாகவும் இருக்கலாம். அதுவும் போதாது. இரண்டையும் சேர்த்தால் 3 மட்டும்தான். போதும். ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசி விடை எப்போதும் ஒன்றுதான்: ‘இரண்டையும் சேர்த்தாலும் போதாது.’

இந்தக் கேள்விகளைப் போட்டுப் போட்டு, என் சொந்தக் கேள்வியையும் அப்படியே எழுதிப் பார்த்தேன். வேலை நேரத்தில் படிப்பது சரியா? முதல் தகவல், என் வேலையை முடித்துவிட்டேன். இரண்டாவது தகவல், மேலதிகாரிக்குத் தெரியும், அவர் ஒன்றும் சொல்லவில்லை. இவை போதுமா?

முதலாவது மட்டும் போதாது. முடித்துவிட்டேன் என்று சொல்வது நான். மெஷினைக் கவனிப்பதும் வேலைதான், அது முடிவதே இல்லை. இரண்டாவது மட்டும் போதாது. மேலதிகாரி ஒன்றும் சொல்லாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். இரண்டையும் சேர்த்தால்? இங்கேதான் பலர் ‘போதும்’ என்று முடித்துவிடுகிறோம். நானும் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் லைனில் பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்யும் ஓர் அக்கா சாப்பாட்டு நேரத்தில் சொன்னது என்னை யோசிக்க வைத்தது.

“நீங்கள்லாம் படிக்கிறது நல்லதுதான்ம்மா. யாரு வேணாம்னா? ஆனா சிவப்பு விளக்கு எரிஞ்சா உடனே வந்து பாருங்க. நீங்க பத்து நிமிஷம் கழிச்சு வந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எங்களுக்குத்தான் டார்கெட் போகும்.”

அந்த அக்காவின் கைப்பேசி லாக்கரில் பூட்டிக் கிடக்கிறது. லைனுக்குள் கொண்டு போகக் கூடாது. எங்கள் கைப்பேசி மேசையில் இருக்கிறது. மெஷின் நின்றால், அந்தப் பத்து நிமிடத்தில் ஓடாத உருப்படிகள் அவர் கணக்கில் குறையும். என் ‘சும்மா இருக்கும் நேரம்’ கம்பெனியின் நேரமா என் நேரமா என்று நானும் நண்பரும் அப்பாவும் வாதாடிக்கொண்டிருந்தோம். அது அக்காவின் நேரமாகவும் இருக்கிறது என்பது எங்கள் மூவர் பேச்சிலும் வரவே இல்லை.

ஆக, என் கேள்விக்கு விடை அந்தக் கடைசி விடைதான். இரண்டையும் சேர்த்தாலும் போதாது. மூன்றாவது தகவல் ஒன்று வேண்டும். நான் கவனத்தை எடுத்துவிட்டால், அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது?

இதை வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன. கம்பெனி பஸ்ஸில் படிப்பதால் யார் தலையிலும் ஒன்றும் விழுவதில்லை. பாலத்தில் நெரிசல் என்றால் இன்னும் ஐந்து கேள்வி போடலாம். சாப்பாட்டு இடைவேளையும் அப்படியே. லாட் ஓடும்போது மேசையில் படிப்பது அப்படியில்லை. கணக்கில் மூழ்கிவிட்டால் விளக்கு எரிவது கண்ணில் படாது. கணக்கின் குணமே ஆளை இழுத்துக்கொள்வதுதான். ஷாப்பி பார்ப்பவர்கூடச் சட்டென்று தலையை நிமிர்த்திவிடுவார், இரண்டு நிமிடக் கெடுவில் கணக்குப் போடுகிறவர் நிமிர மாட்டார். நல்ல காரியம் என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் இருக்கும் நேரம்

சரி, தொழிற்சாலை நேரத்தைத் தொட வேண்டாம். வீட்டில் படித்தால் யாருக்கும் நஷ்டமில்லை அல்லவா? அதையும் அதே கேள்வியால் கேட்டுப் பார்ப்போம்.

“நீ படிம்மா, நான் பார்த்துக்கிறேன்.” நம் வீடுகளில் இதைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டோம். பாத்திரம், துணி, பாட்டிக்கு மருந்து, தம்பியின் டியூஷன். நாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் அந்த இரண்டு மணி நேரத்தில் இந்த வேலைகள் காணாமல் போய்விடுவதில்லை. அம்மா செய்கிறார். அவரும் காலையில் ஐந்து மணிக்கு எழுந்தவர்தான். நாம் அதை ‘என் ஓய்வு நேரத்தில் படித்தேன்’ என்று சொல்கிறோம். உண்மையில் அது அம்மாவின் ஓய்வு நேரம்.

படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் சமூகம் இதுவரை வந்ததே இப்படி ஒருவர் நேரத்தை இன்னொருவர் வாங்கித்தான். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியும் முன்பே நிரைக்குப் போக வேண்டும். அவருடைய அந்த விடியற்காலைகள்தான் என் அப்பாவின் பள்ளிக்கூடம். அப்பாவின் ஓ.டி.தான் என் பல்கலைக்கழகம். ஒருவருடைய நேரத்தை எடுத்துக்கொள்வதே தவறு என்றால் நம்மில் ஒருவரும் படித்திருக்க முடியாது.

கொடுப்பதை வாங்குவது ஒன்று. எடுத்துக்கொள்கிறோம் என்பதே தெரியாமல் எடுப்பது வேறு. தெரிந்து வாங்கினால் கேட்டு வாங்கலாம், பகிர்ந்து வாங்கலாம், திருப்பியும் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் நாங்கள் செய்த ஏற்பாடு சாதாரணமானது. நான் படிக்கும் 12 வாரத்துக்குத் துணியும் பாத்திரமும் தம்பியின் பொறுப்பு. அவன் எஸ்.டி.பி.எம். எழுதும்போது அதே 12 வாரம் என் பொறுப்பு. பாட்டியின் மருந்து இரண்டு பேருக்கும் முறை வைத்து. “பையன்கிட்ட பாத்திரம் கழுவச் சொல்றியா?” என்று பெரியம்மா கேட்டார். பையன் படித்தால் தேநீர் போட்டுக் கொடுக்கிறோம், பெண் படித்தால் ‘கழுவி வச்சிட்டுப் படி’ என்கிறோம். இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இப்போதைக்கு, அம்மா இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து நாடகம் பார்க்கிறார் என்பது மட்டும் செய்தி.

“இங்கே இருப்பீங்களா?”

மூன்றாவது விஷயம்தான் எனக்குக் கடினமாக இருந்தது.

எங்கள் பகுதிக்குப் புது மெஷின் வந்தது. அதை விற்ற நிறுவனத்தின் பொறியாளர் ஒரு வாரம் தங்கி, அதைச் சரிபார்த்து அளவு திருத்தும் முறையைச் சொல்லிக்கொடுப்பார். எங்கள் பகுதியிலிருந்து ஒருவர் மட்டும் சேரலாம். என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு மலாயில் கேட்டார். உன்னை அனுப்ப நினைக்கிறேன், பட்டம் வாங்கியதும் இங்கே வந்து இரண்டு மூன்று ஆண்டாவது இருப்பாயா என்று.

வேலையை விட்டுப் போவது தவறில்லை. சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு எதுவும் எழுதாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் நான்கு வார நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம். மேற்படிப்பு படிக்க ஆசைப்படுவதை முன்கூட்டியே யாரிடமும் அறிவிக்க வேண்டிய கடமையும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆசை என்பது திட்டம்கூட இல்லை. ஸ்கோர் வர வேண்டும், இடம் கிடைக்க வேண்டும், பணம் வேண்டும். பி.டி.பி.டி.என். கடன் வேறு நிற்கிறது. பேசாமல் இருப்பது பொய் இல்லை. ஆனால் நேராகக் கேட்டபோது ‘இருப்பேன்’ என்று சொன்னால் அது பொய்.

நான் உள்ளதைச் சொன்னேன். ஜிமேட் எழுதப் போகிறேன், இரண்டு ஆண்டில் போனாலும் போவேன், போகாமலும் இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்று. அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் டெக்னீஷியனை அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார்.

எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். அந்த ஒரு வாரமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் மெஷினைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் என் வேலையைச் செய்தேன். தோழிகள் விடவில்லை. “கேட்டா ‘இருப்பேன்’னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? கம்பெனி மட்டும் நம்மகிட்ட எல்லாத்தையும் சொல்லுதா? ஆளைக் குறைக்கணும்னா ஒரு நாள் கூப்பிட்டுக் கடுதாசி கொடுப்பாங்க.”

அவர்கள் சொன்னது உண்மை. கம்பெனிக்கும் எனக்கும் மட்டும் உள்ள கணக்கு இது என்றால், ஒருவேளை நானும் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த இடம் எனக்கும் கம்பெனிக்கும் நடுவில் மட்டும் இல்லை. டெக்னீஷியனுக்கு முப்பத்தெட்டு வயது, டிப்ளோமா, அடுத்த படிக்கு இந்தப் பயிற்சிதான் அவருக்கு ஏணி. நான் பொய் சொல்லியிருந்தால் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்திருக்காது, அது இன்னொருவரை அனுப்பிப் பயிற்சி கொடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் வெளியே நின்றிருப்பவர் அவராக இருந்திருப்பார். அக்காவின் டார்கெட், அம்மாவின் இரவு, டெக்னீஷியனின் பயிற்சி மூன்றும் ஒரே விஷயம்தான். முதலாளியையும் நம்மையும் மட்டும் வைத்துக் கணக்குப் போடும்போது பக்கத்தில் நிற்பவர் விடுபட்டுப் போகிறார்.

பிறகு எதற்கு இந்தப் படிப்பு?

இவ்வளவு யோசிப்பவள் எதற்கு வணிகப் படிப்புக்குப் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சம்பளம் ஒரு காரணம், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. இன்னொரு காரணம் உண்டு. எந்த லைன் ஓட வேண்டும், எது மூட வேண்டும், டார்கெட் எவ்வளவு என்று முடிவெடுக்கும் அறையில் மெஷினைத் தெரிந்தவர்களும் குறைவு, மெஷினில் நிற்பவர்களைத் தெரிந்தவர்களும் குறைவு. அந்த அறையில் உட்கார எனக்கு ஆசை. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியிலேயே அந்த அக்காவை ஒரு பொருட்டாக நினைக்காமல் பழகிவிட்டால், போய் உட்கார்ந்த பிறகு மட்டும் எப்படி நினைப்பேன்? 805-க்கு எத்தனை வாங்கினாலும் அதை எனக்கு அந்தத் தேர்வு சொல்லித்தராது.

இந்த ஆண்டு நம்மில் பலர் ஏதோ ஒரு தேர்வுக்கு உட்காரப் போகிறோம். ஜிமேட், ஏ.சி.சி.ஏ., அரசாங்க வேலைத் தேர்வு, எதுவாகவும் இருக்கட்டும். அட்டவணை போடும்போது ஒரு காரியம் செய்து பாருங்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பக்கத்தில் பாடத்தின் பெயரை எழுதுகிறோம் இல்லையா, அதற்கும் பக்கத்தில் ஓர் ஆளின் பெயரை எழுதுங்கள். அந்த நேரத்தில் நம் வேலையை யார் பார்க்கிறார் என்று. சில கட்டங்களில் யார் பெயரும் வராது, அங்கே தாராளமாகப் படிக்கலாம். சில கட்டங்களில் பெயர் வரும். அவரிடம் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் ‘சரி’ என்றுதான் சொல்வார்கள், நம் ஆட்கள் படிப்புக்கு இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கேட்க முடியாத கட்டம் ஏதாவது இருந்தால், அதை மட்டும் அழித்துவிடுங்கள்.

என் அட்டவணையில் 96 மணி நேரம் இப்போது 80 ஆகியிருக்கிறது. தேர்வு மார்ச்சில்.